டாக்கயாசு நோயில் பைபாஸ் திட்டமிட: ஸ்கேன் படத்தில் சுவரை வாசிக்கும் முறை

கொழுப்பு படிந்து அடைத்த தமனியும், டாக்கயாசு நோயில் (பெருந்தமனியையும் அதன் கிளைகளையும் அழற்சி தடிக்கவைத்துச் சுருக்கும் நோய்) சுருங்கிய தமனியும் ஆஞ்சியோகிராமில் (மருந்து செலுத்தி எடுக்கும் இரத்தக்குழாய்ப் படம்) ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். குழாய் ஒல்லியாகிக்கொண்டே போய் ஓரிடத்தில் மறைந்துவிடும். அறுவை மேசையில்தான் இரண்டும் வேறு வேறு என்று புரியும். கொழுப்பு அடைப்பு உள்ளடுக்கில் உட்கார்ந்திருக்கும், உரித்து எடுத்துவிடலாம். டாக்கயாசுவில் சுவரின் மூன்று அடுக்குகளும் தடித்து, தழும்பாகி, ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும். உரிக்கத் தளமே கிடைக்காது. அழற்சி அடங்காத சுவரில் போட்ட பைபாஸ் (அடைப்பைத் தாண்டி இரத்தத்தைத் திருப்பிவிடும் குழாய்) இணைப்பு சில மாதங்களில் மறுபடி சுருங்கலாம். பல வருடம் கழித்துத் தையல் வரி இளகி, அந்த இடம் பொய் அனியூரிசமாக (சுவருக்கு வெளியே இரத்தம் தேங்கும் பையாக) வீங்கவும் செய்யலாம்.

ஆகவே இந்நோயில் அறுவைக்கு முந்திய படம் மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். சுவர் அடங்கிவிட்டதா? தையல் போட நல்ல சுவர் மேலே எங்கே இருக்கிறது, கீழே எங்கே இருக்கிறது? அடைப்பைச் சுற்றி உடல் தானே போட்டுக்கொண்ட மாற்றுப் பாதைகளில் எதை வெட்டக்கூடாது? சுருக்கம் எத்தனை சதவீதம் என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான். இரத்தக்குழாய் அறுவைப் பயிற்சியில் இருப்பவர்களுக்கும், அவர்களுக்காகப் படம் எடுத்து வாசிக்கும் கதிரியல் துறையினருக்கும் இங்கே சொல்வது பயன்படும்.

ஸ்கேனுக்கு எழுதிக் கொடுக்கும் முன்

இரண்டு கை, இரண்டு கால், நான்கிலும் இரத்த அழுத்தம் பார்த்து எழுதுங்கள். இந்நோயில் அடிக்கடி மாட்டுவது இடது சப்கிளேவியன் தமனி (கைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்). வலதும் சேர்ந்து போவது சகஜம். இரண்டு கையிலும் 90 காட்டும் நோயாளியின் பெருந்தமனிக்குள் 180 ஓடிக்கொண்டிருக்கலாம். காலில் அளந்தால் அது வெளிப்படும். பெருந்தமனியின் நடுப்பகுதியும் சுருங்கியிருந்தால் காலும் ஏமாற்றும். அப்போது கதீட்டர் வைத்து ஏறு பெருந்தமனியில் (இதயத்திலிருந்து மேலே எழும் முதல் பகுதி) நேரடியாக அளப்பதுதான் வழி. இந்த ஒரு எண் தெரியாமல் தலைக்கு இரத்தம் திருப்பிவிடும் பைபாஸைத் தொடாதீர்கள். இத்தனை நாள் குறைந்த அழுத்தத்தில் பழகிய மூளைக்குள் 180 பாய்ந்தால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

ஸ்கேன் கோரிக்கைத் தாளில் 'டாக்கயாசு, ஆஞ்சியோ செய்யவும்' என்று மட்டும் எழுதினால் அதற்கேற்ற படம்தான் வரும். நாடி கிடைக்காத இடங்கள், எந்தக் கையில் அழுத்தம் நம்பகமானது, முன்பு வைத்த ஸ்டென்ட் (குழாயை விரித்து வைக்கும் வலைக்குழல்), கிராஃப்ட் (பைபாஸுக்கு வைக்கும் மாற்றுக் குழாய்), கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் இரத்த அளவு), என்ன அறுவை யோசனையில் இருக்கிறது, எல்லாவற்றையும் எழுதுங்கள். மருந்துகளையும் எழுதுங்கள். குறிப்பாக டோசிலிசுமாப் எடுப்பவருக்கு சிஆர்பி (அழற்சியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) இயல்பாக இருப்பதில் ஆறுதல் கொள்ளக் கூடாது. அந்த மருந்து இன்டர்லூகின் 6 என்ற அழற்சிப் புரதத்தின் வேலையைத் தடுக்கிறது, கல்லீரல் சிஆர்பி தயாரிப்பதே அதனால் நின்றுவிடுகிறது. சுவர் எரிந்துகொண்டிருந்தாலும் இரத்தப் பரிசோதனை அமைதியாக இருக்கும். நோயாளிகளில் பெரும்பாலோர் இளம் பெண்கள், எனவே சிடி, பெட் (ஊசியில் ஏற்றிய கதிரியக்கச் சர்க்கரை எங்கே சேர்கிறது என்று காட்டும் ஸ்கேன்) எதுவானாலும் கர்ப்பப் பரிசோதனை கட்டாயம்.

எந்த ஸ்கேன் எதற்கு

நோயைக் கண்டுபிடிக்கவும் தொடர்ந்து கண்காணிக்கவும் எம்ஆர்ஐ முதல் தேர்வு. கதிர்வீச்சு இல்லை, சுவர் தெரியும், 20 வயதில் தொடங்கி வாழ்நாள் முழுக்கப் படம் எடுக்க வேண்டியவருக்கு அதுதான் நியாயம். ஐரோப்பிய வாதநோய்க் கூட்டமைப்பின் 2018 பரிந்துரையும் அதையே சொல்கிறது. ஆனால் அறுவைக்குத் திட்டம் போடும்போது ஒரு தடவை நல்ல சிடி ஆஞ்சியோ வேண்டும். சுண்ணாம்புப் படிவு எம்ஆர்ஐயில் சரியாகத் தெரியாது, கிளாம்ப் போடும் இடத்தில் அதைக் கையால் தடவித் தெரிந்துகொள்வது தாமதமான ஞானம். எம்ஆர் ஆஞ்சியோ சுருக்கத்தை மிகைப்படுத்தியும் காட்டும். துருப்பிடிக்கா எஃகு ஸ்டென்டுக்குள் ஒன்றுமே தெரியாமல் கறுத்துப்போகும், அதை அடைப்பு என்று எழுதிவிடுகிறார்கள்.

கழுத்துக்கும் அக்குளுக்கும் டாப்ளர் அல்ட்ராசவுண்ட் மிகத் துல்லியம். கரோட்டிட் (கழுத்து வழியே தலைக்குப் போகும் தமனி) சுவர் சுற்றிலும் சீராகத் தடித்து, குறுக்கே பார்த்தால் மக்ரோனித் துண்டு போலத் தெரிவது இந்நோயின் கையெழுத்து. கதீட்டர் ஆஞ்சியோகிராம் நோயறிய வேண்டாம். அழுத்த வித்தியாசம் அளக்கவும், பலூன் போடவும், சிடியில் தெளியாத மாற்றுப் பாதையான கொலேட்டரலைப் பின்தொடரவும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சிடி எடுக்கும்போது

கான்ட்ராஸ்ட் (இரத்தத்தைப் படத்தில் பளிச்சென்று காட்டும் மருந்து) ஊசியை வலது கையில் போடுங்கள். இடது கையில் போட்டால் அடர்த்தியான மருந்து இடது பிரேக்கியோசெபாலிக் சிரை வழியாக பெருந்தமனி வளைவின் முன்னால் குறுக்கே ஓடும். தலைக்கும் கைகளுக்கும் போகும் மூன்று கிளைகளும் புறப்படும் இடத்தில், நீங்கள் பார்க்க வேண்டிய அதே இடத்தில், கோடு கோடாக வெளிச்சம் சிதறும். 18 கேஜ் கேனுலா, மி.லிக்கு 350 முதல் 370 மி.கி. அயோடின் உள்ள மருந்து 70 முதல் 100 மி.லி., விநாடிக்கு 4 முதல் 5 மி.லி. வேகம், பின்னாலேயே 40 மி.லி. உப்புநீர். உப்புநீர் சிரையைக் கழுவிவிடும். இளவயதினர், மெலிந்த உடல் என்றால் 80 அல்லது 100 கிலோவோல்ட் போதும். கதிர் குறையும், அயோடினும் பளிச்சென்று தெரியும்.

மருந்து வந்து சேர்வதைக் கண்காணிக்கும் வட்டத்தை இறங்கு பெருந்தமனியில் வைப்பது வழக்கம். அந்த இடமே சுருங்கியிருந்தால் வட்டம் தடித்த சுவர் மேல் விழும், அளவு ஏறாது, ஸ்கேன் தாமதமாகத் தொடங்கும். பழைய படத்தைப் பார்த்து, சுருக்கத்துக்கு மேலே, உட்குழலுக்குள் மட்டும் வையுங்கள். நடுப் பெருந்தமனி இறுகியவருக்குக் கால் தமனிகள் மெதுவாகத்தான் நிரம்பும். ஒரே ஓட்டத்தில் தொடைவரை எடுத்து 'இலியாக் அடைப்பு' (இடுப்புத் தமனி அடைப்பு) என்று எழுதிவிட வேண்டாம், கீழ்ப்பகுதியை மட்டும் இன்னொரு தடவை எடுங்கள்.

மொத்தம் மூன்று கட்டம். முதலில் கான்ட்ராஸ்ட் இல்லாமல் ஒன்று, சுண்ணாம்புப் படிவு அதில்தான் தெளிவு. அடுத்து தமனிக் கட்டம், தலை உச்சியிலிருந்து தொடைத் தமனி வரை, 1 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய துண்டுகளாக. ஏறு பெருந்தமனிக்கு ஈசிஜி ஒத்திசைவு சேருங்கள். இல்லாவிட்டால் இதயத் துடிப்பால் சுவர் இரட்டையாகத் தெரிந்து பிளவு என்று பயமுறுத்தும், கரோனரி (இதயத் தசைக்கான தமனி) வாய்களும் மங்கிவிடும். மூன்றாவது, ஒன்று முதல் இரண்டு நிமிடம் கழித்து எடுக்கும் தாமதக் கட்டம். கதிரைக் குறைக்கிறோம் என்று பல இடங்களில் இதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். சுவரைக் காட்டுவது இந்தக் கட்டம்தான், வெட்ட வேண்டாம். முழு உடம்புக்கும் தேவையில்லை, தையல் போட நினைக்கும் பகுதிகளுக்கு மட்டும் எடுத்தால் போதும்.

தாமதக் கட்டத்தில் பெருந்தமனியைக் குறுக்காக ஒரு துண்டில் நிறுத்திப் பெரிதாக்கிப் பாருங்கள். நடுவில் வெள்ளை வட்டம், அது இரத்தம். அதைச் சுற்றி மங்கிய வளையம், வீங்கிய உள்ளடுக்கு. அதற்கும் வெளியே மறுபடி வெளிச்ச வளையம், நடு அடுக்கும் வெளியடுக்கும் கான்ட்ராஸ்டை உறிஞ்சியிருக்கிறது. இந்த இரட்டை வளையம் தெரிந்தால் சுவர் இன்னும் கொதிக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அந்த இடத்தில் தையல் வேண்டாம். ஒரே சீரான மங்கலும் சுண்ணாம்புத் துணுக்குகளும் பழைய, ஆறிய சுவரைக் காட்டும். ஆனால் சுண்ணாம்பு இருப்பதாலேயே அழற்சி இல்லை என்று ஆகாது, இரண்டும் ஒரே குழாயில் அடுத்தடுத்து இருக்கும்.

சுவர் அடங்கிவிட்டதா

அவசரமில்லாத அறுவையை நோய் அடங்கிய பிறகே செய்ய வேண்டும், அந்த அடக்கம் 6 மாதமாவது நீடித்திருப்பது நல்லது. பிளவு, வெடிக்கும் நிலையிலுள்ள அனியூரிசம், உறுப்பைப் பறிகொடுக்கும் அளவுக்கு இரத்தக் குறைவு, இவை மட்டும் காத்திருக்காது. அப்போது அதிக அளவு ஸ்டீராய்டின் மறைவில்தான் அறுவை, அதை வாதநோய் நிபுணர் உடனிருந்து தீர்மானிக்க வேண்டும்.

அடங்கியதை எப்படி நம்புவது? 1994-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்திலிருந்து வெளியான 60 நோயாளிகள் பற்றிய ஆய்வு இன்றும் நினைவில் நிறுத்த வேண்டியது. நோய் அடங்கியதாகக் கருதி அறுவை செய்தவர்களின் தமனித் துண்டுகளை நுண்ணோக்கியில் பார்த்தபோது 44 சதவீதத்தில் அழற்சி இருந்தது. இரத்தப் பரிசோதனை மட்டும், அறிகுறி மட்டும், படம் மட்டும் என்று எதையும் தனித்து நம்ப முடியாது என்பதே அதன் பொருள். மூன்றும் ஒரே திசையில் நிற்க வேண்டும்.

எம்ஆர்ஐயில் இரத்தம் கறுப்பாகத் தெரியும் டி1 வரிசையை (எம்ஆர்ஐ படம் எடுக்கும் ஒரு முறை), கொழுப்பு ஒடுக்கத்துடன், கடோலினியத்துக்கு (எம்ஆர்ஐக்கான கான்ட்ராஸ்ட்) முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிடுங்கள். கிலோவுக்கு 0.1 மில்லிமோல் போதும். முப்பரிமாண வரிசை, துண்டு 1 மி.மீ. அளவில் இருந்தால் கரோட்டிட் சுவரையும் அளக்கலாம். 5 மி.மீ. துண்டுகளில் பெருந்தமனியைத் தவிர வேறெதையும் நம்பாதீர்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. சுருக்கத்துக்குக் கீழே இரத்தம் மெதுவாக நகரும், சுவரை ஒட்டிய இரத்தம் கறுக்காமல் சாம்பல் நிறமாக நின்றுவிடும், தடித்த சுவர் போலவே தெரியும். ஆஞ்சியோ வரிசையை மேலே வைத்துப் பாருங்கள். அங்கே உட்குழல் அகலமாகவும் இங்கே சுவர் தடிப்பாகவும் இருந்தால் அது இரத்தம். டி2 வரிசையில் நீர்க்கோப்பு மட்டும் தெரிவதை வைத்து ஸ்டீராய்டை ஏற்றாதீர்கள், அறுவையையும் தள்ளாதீர்கள். அது பல மாதம் தங்கும்.

பெட் சிடி எடுப்பதானால் குறைந்தது 6 மணி நேரம் பட்டினி, இரத்தச் சர்க்கரை 126 மி.கி.க்குக் கீழே இருந்தால் நல்லது, 180-ஐத் தாண்டினால் வேறு நாள். எஃப்டிஜி (அந்தக் கதிரியக்கச் சர்க்கரை) கிலோவுக்கு 2 முதல் 3 மெகாபெக்கரல், ஊசிக்குப் பின் 60 நிமிடமாவது காத்திருப்பு. ஒளிர்வைக் கல்லீரலோடு ஒப்பிட்டுத் தரம் போடுங்கள். கல்லீரலுக்குக் குறைவு 1, சமம் 2, கூடுதல் 3. மூன்று என்றால் தள்ளிப்போடுங்கள். ஸ்டீராய்டு தொடங்கிய சில நாட்களிலேயே பெட் மங்கத் தொடங்கிவிடும், எனவே மருந்து எடுப்பவரின் இருண்ட படம் 'அடங்கிவிட்டது' என்பதற்குச் சான்றாகாது, 'இந்த மருந்தில் ஒளிரவில்லை' என்பதற்கு மட்டுமே சான்று. மருந்தைக் குறைத்த பிறகும் இருண்டே இருந்தால் நம்பிக்கை கூடும்.

படத்தை வாசிக்கும் வரிசை

முதலில் நோய் எங்கெல்லாம் இருக்கிறது என்று வகைப்படுத்துங்கள். நுமானோ வகைப்பாட்டில் 1 என்றால் வளைவின் கிளைகள் மட்டும். 2ஏ என்றால் ஏறு பெருந்தமனி, வளைவு, கிளைகள். 2பி என்றால் அவற்றோடு மார்பு இறங்கு பெருந்தமனியும். 3 இறங்கு பகுதி, வயிற்றுப் பகுதி, சிறுநீரகத் தமனிகள். 4 வயிற்றுப் பகுதியும் சிறுநீரகத் தமனிகளும் மட்டும். 5 எல்லாம். கரோனரியோ நுரையீரல் தமனியோ சேர்ந்தால் தனிக் குறியீடு உண்டு, அதை மறக்காமல் எழுதுங்கள். நுரையீரல் தமனி சுருங்கியவருக்கு மயக்க மருந்தே ஒரு சோதனை. இந்த வகை எண் அறுவையைத் தீர்மானிக்காது, ஆனால் ஓர் இடத்தை மட்டும் உற்றுப் பார்த்து மற்றதை விட்டுவிடாமல் காக்கும்.

பிறகு மையக்கோட்டுப் படத்தில் ஒவ்வொரு தமனியையும் வேரிலிருந்து நுனிவரை நடந்து பாருங்கள். நோய் விட்டு விட்டு வரும். நடுவில் இயல்பாகத் தெரியும் துண்டு உண்மையிலேயே இயல்பா, சுருக்கத்துக்குப் பின் விரிந்ததா என்று தாமதக் கட்டத்தில் உறுதிசெய்யுங்கள். தையல் போட உத்தேசித்த ஒவ்வொரு இடத்திலும் இரண்டு விட்டம் எழுத வேண்டும், உள்விட்டம் ஒன்று, வெளிவிட்டம் ஒன்று. மக்ரோனியாகிப்போன கரோட்டிட் உள்ளே 3 மி.மீ., வெளியே 8 மி.மீ. இருக்கும். 'கரோட்டிட் 8 மி.மீ.' என்று கேட்டுத் திறக்கும் அறுவை மருத்துவரின் ஊசி இரண்டரை மி.மீ. தடித்த, ரப்பர் போன்ற சுவரைத் துளைத்துக்கொண்டிருக்கும். பெருந்தமனிச் சுவர் 2 மி.மீ. தாண்டினாலே சந்தேகப்படுங்கள். சதவீதக் கணக்கிலும் எச்சரிக்கை வேண்டும். நீளமாகச் சுருங்கும் நோய் இது, பக்கத்திலுள்ள 'இயல்பான' அளவே ஒல்லியாகியிருக்கும். எதிர்ப்பக்கத் தமனியோடு ஒப்பிடுங்கள், அதுவும் நோயுற்றால் மி.மீ. கணக்கை மட்டும் எழுதுங்கள்.

தலைக்குப் போகும் தமனிகள்

வளைவின் மூன்று கிளைகளும் வேரிலேயே அடைபட்டிருக்கும் படத்தை எடுத்துக்கொள்வோம். மூளை வெர்ட்டிப்ரல் தமனி (கழுத்தெலும்பு வழியே மூளைக்கு ஏறும் குழாய்) ஒன்றின் தயவில், அதுவும் கழுத்துத் தசைகளின் சிறு கிளைகள் நிரப்பி, ஓடிக்கொண்டிருக்கிறது. கையில் கிடைப்பது என்ன?

மேலே, ஏறு பெருந்தமனி. கிளைகள் எல்லாம் போன பிறகும் அது பல நேரம் தப்பியிருக்கும். பக்கவாட்டுக் கிளாம்ப் பிடிக்க முன்-வலது சுவரில் 3 முதல் 4 செ.மீ. நீளத்துக்கு மெல்லிய, சுண்ணாம்பில்லாத, தாமதக் கட்டத்தில் ஒளிராத சுவர் வேண்டும். அந்தத் துண்டை அளந்து, கரோனரி வாயிலிருந்து எத்தனை செ.மீ. மேலே என்று எழுதுங்கள். மறுபக்கத்துச் சப்கிளேவியன் திறந்திருக்கிறதே, அங்கிருந்து கிராஃப்ட் எடுத்தால் மார்பைத் திறக்க வேண்டாமே என்று தோன்றும். இன்று திறந்திருக்கும் அந்தக் குழாய் நாளை இதே நோய்க்கு இரையாகக்கூடியது. சுருங்கினால் கிராஃப்டும் தலையும் ஒன்றாகப் பட்டினி கிடக்கும். ஏறு பெருந்தமனி நன்றாக இருக்கும்வரை அதையே தேர்ந்தெடுக்கச் சொல்வோம்.

கீழே, கரோட்டிட் பிரியும் இடமும் உள் கரோட்டிடும். பொதுக் கரோட்டிட் முழுக்க அடைந்தாலும் பிரிவுக்கு மேலே பெரும்பாலும் நோய் ஏறாது. உள் கரோட்டிட் வெளி கரோட்டிடிலிருந்து தலைகீழாக நிரம்பிக்கொண்டிருக்கும், ஆனால் நூல்போல. தமனிக் கட்டத்தில் தெரியவில்லை என்றால் தாமதக் கட்டத்தில் தேடுங்கள், டாப்ளரில் வேக அளவைக் குறைத்துத் தேடுங்கள். அடைப்பு என்று எழுதிவிட்டால் நோயாளிக்கு வாய்ப்பே போய்விடும். ஒல்லியாகத் தெரிவது ஓட்டம் குறைந்து ஒடுங்கியதாலா, சுவர் தடித்ததாலா என்பதைக் கறுப்பு இரத்த எம்ஆர்ஐ சொல்லும். ஓட்டக் குறைவால் ஒடுங்கியது பைபாஸுக்குப் பின் விரியும்.

அடுத்து மூளை. சிடி பெர்ஃபியூஷன் (மூளைத் திசுவில் இரத்த ஓட்டத்தை அளக்கும் ஸ்கேன்), முடிந்தால் அசெட்டசோலமைட் (மூளைக் குழாய்களை விரிக்கும் மருந்து) கொடுத்து ஸ்பெக்ட் (ஓட்டத்தைக் காட்டும் கதிரியக்க ஸ்கேன்), கூடவே மூளையின் அடியில் தமனிகளை இணைக்கும் வில்லிஸ் வளையத்தின் படம். 1908-இல் ஜப்பானியக் கண் மருத்துவர் மிகிட்டோ டாக்கயாசு 21 வயதுப் பெண்ணின் விழித்திரையில் மாலைபோலச் சுற்றிய குழாய்களைக் கண்டார். மேலே இரத்தம் போகாமல் கண் தவித்ததன் அடையாளம் அது. மூளைக் குழாய்களும் அப்படித்தான் விரிந்து கிடக்கும், அழுத்தம் கூடும்போது சுருங்கத் தெரியாது. அசெட்டசோலமைடுக்குப் பின்னும் ஓட்டம் ஏறாத பகுதி இருந்தால் அதிக இரத்தப் பாய்ச்சலின் ஆபத்து அங்கே காத்திருக்கிறது. முதலில் தலைவலி வரும், பிறகு வலிப்பு, கடைசியில் மூளைக்குள் இரத்தக்கசிவு. அப்படிப்பட்டவருக்கு இரண்டு கரோட்டிடையும் ஒரே நாளில் திறக்காதீர்கள். பெர்ஃபியூஷன் படத்தில் அதிகம் வாடியிருக்கும் பக்கத்துக்கு ஒரே கிராஃப்ட், பெரியவருக்கு 8 மி.மீ. அளவு வழக்கம், மறுபக்கம் தேவைப்பட்டால் பிறகு.

கிராஃப்ட் போகும் வழியையும் படத்திலேயே அளந்துவிடுங்கள். மார்பெலும்பின் மேல்பகுதிக்கும் மூச்சுக்குழலுக்கும் நடுவே இடம் குறுகலாக இருந்தால், மார்பை மூடும்போது கிராஃப்ட் நசுங்கும். நேராகப் படுத்து எடுத்த படத்தில் நீளத்தை அளந்தால் கழுத்தைத் திருப்பும்போது இழுபடும், கொஞ்சம் தளர்வு சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெட்டக்கூடாத மாற்றுப் பாதைகள்

இந்த ஒன்றைத் தவறவிட்டால் அறுவை தொடங்கிய பத்து நிமிடத்தில் சேதம் நடந்துவிடும். பெருந்தமனி மார்பின் கீழ்ப்பகுதியிலோ வயிற்றிலோ இறுகியவருக்குக் கால்களுக்கான இரத்தம் மார்பெலும்பின் பின்னால் இறங்கும் உள் மார்புத் தமனிகள் வழியாக, வயிற்றுச் சுவரின் எபிகாஸ்ட்ரிக் தமனிகளில் சேர்ந்து, தொடைக்குப் போகும். முன்பக்க முப்பரிமாணப் படத்தில் விலா ஓரத்திலிருந்து தொப்புளைத் தாண்டிச் சுருள் சுருளாக ஓடும் அந்தக் குழாய் ஒரு பென்சில் கனத்துக்கு இருக்கும். விலா விளிம்பை ஒட்டிக் குறுக்கே வெட்டினால் அதைத்தான் அறுக்கிறீர்கள். கரோனரி பைபாஸுக்கு அதே உள் மார்புத் தமனியை எடுப்பதும் இதே தவறுதான். சப்கிளேவியன் சுருங்கியவருக்கு அது இதயத்துக்கும் உதவாது, காலிலிருந்து எடுத்த சிரையை ஏறு பெருந்தமனிக்கும் கரோனரிக்கும் இடையே இணைப்பதே பொருந்தும். எனவே கதிரியல் அறிக்கையின் முதல் பத்தியிலேயே இந்தக் குழாயின் போக்கை எழுதுங்கள், தோலில் குறிப்பதற்கு டாப்ளரும் வைத்துக்கொள்ளுங்கள்.

குடலிலும் அதே கதை. மேல் குடல் தமனி அடைந்தவருக்குக் கீழ்க் குடல் தமனி தடித்து, வளைந்து வளைந்து மேலேறிக் குடல் முழுவதையும் காப்பாற்றிக்கொண்டிருக்கும். பெருந்தமனியில் வேலை செய்யும்போது 'சின்னக் கிளை' என்று அதைக் கட்டிவிடக் கூடாது. முதுகெலும்புப் பக்கம், தண்டுவடத்துக்கான பெரிய வேர்த் தமனி பெரும்பாலும் இடது பக்கம், 8-ஆவது மார்பு முள்ளெலும்புக்கும் முதல் இடுப்பு முள்ளெலும்புக்கும் இடையே புகும். விலா இடைத் தமனிகள் மாற்றுப் பாதையாக விரிந்திருந்தால் எந்த மட்டத்தில் என்று எண்ணி எழுதுங்கள்.

நடுப் பெருந்தமனியும் சிறுநீரகமும்

சிறுநீரகத் தமனியில் டாப்ளர் உச்ச வேகம் விநாடிக்கு 180 முதல் 200 செ.மீ.யைத் தாண்டினால் 60 சதவீதத்துக்கு மேல் சுருக்கம் என்பார்கள். பெருந்தமனி வேகத்தோடு விகிதம் 3.5-ஐத் தாண்டினாலும் அப்படியே. ஆனால் பெருந்தமனியே சுருங்கியிருந்தால் அந்த விகிதம் பயனற்றது, கீழெண்ணே கெட்டுப்போயிருக்கிறது. சிறுநீரகத்துக்குள் அலை மெதுவாக எழும்புவதும் குழப்பும், மேலேயுள்ள பெருந்தமனிச் சுருக்கமே அதை உண்டாக்கப் போதும். சந்தேகம் இருந்தால் கதீட்டர் வைத்து அழுத்த வித்தியாசம் அளவிடுங்கள். உச்ச அழுத்தத்தில் 20 மி.மீ. பாதரசம் இழப்பு இருந்தால் அது பொருட்படுத்த வேண்டியது. சிறுநீரகத்தின் நீளத்தையும் புறணியின் தடிமனையும் எழுதுங்கள். பெரியவரில் 7 செ.மீ.க்குச் சுருங்கிய சிறுநீரகத்தை பைபாஸ் மீட்டுத் தராது.

பெருந்தமனிக்கான நீண்ட பைபாஸ் மார்பின் இறங்கு பகுதியிலிருந்து சிறுநீரகத் தமனிகளுக்குக் கீழே வரை போகும். மேலும் கீழும் சுவர் ஒளிராத 3 செ.மீ. தேடுங்கள். கிராஃப்ட் பெரியவருக்கு 14 முதல் 20 மி.மீ., வளரும் குழந்தைக்கு இன்றைய அளவைவிடப் பெரியதாக, எதிர்கால உயரத்துக்கு வைப்பது வழக்கம். குழந்தைக்கு அறுவையைத் தள்ளிப்போட முடிந்தால் மருந்தாலும் பலூனாலும் தள்ளிப்போடுவது நல்லது. நீளத்தை நெஞ்சறை வளைவோடு மையக்கோட்டில் அளந்து, உதரவிதானம் தாண்டும் இடத்தைக் குறியுங்கள்.

பலூனைப் பற்றிச் சுருக்கமாக. குட்டையான, ஆறிய சுருக்கத்துக்கு, குறிப்பாகச் சிறுநீரகத் தமனிக்கு, பலூன் முதலில் முயலத்தக்கது. நீண்ட சுருக்கமும் ஒளிரும் சுவரும் பலூனுக்கு ஏற்றவையல்ல. சுவர் இறுகியிருப்பதால் அதிக அழுத்தம் கேட்கும், கிழியும். அளவைப் பக்கத்திலுள்ள நல்ல உட்குழலுக்கு மேல் எடுக்காதீர்கள். ஸ்டென்ட் இந்நோயில் மறுபடி சுருங்குவது அதிகம், பலூனில் பிளவு வந்தாலோ உடனே சுருங்கினாலோ மட்டும் வையுங்கள்.

அறுவை அரங்குக்கும் அதன் பிறகும்

படத்தை வைத்து மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியது ஒன்று உண்டு, அழுத்தத்தைத் தொடர்ந்து காட்டும் தமனிக் குழாயை எங்கே போடுவது. கிளைகள் அடைபட்ட பக்கத்து மணிக்கட்டில் போட்டால் திரையில் 70 தெரியும், அதை ஏற்ற மருந்து ஓடும், உண்மையான அழுத்தம் 200-க்குப் போய்விடும். சுருக்கமில்லாத வழியில் பெருந்தமனியோடு சேரும் ஒரே தமனி எது என்று படத்தில் தேடிக் குறித்துக் கொடுங்கள். பைபாஸுக்கு முன்னும் பின்னும் அளக்கத் தொடையிலும் கையிலும் இப்படி இரண்டு குழாய் தேவைப்படலாம்.

படத்தின் வயதையும் பாருங்கள். அறுவைக்கு மூன்று மாதத்துக்கு மேல் பழைய சிடியை நம்பிக் கத்தி எடுக்காதீர்கள், இடையில் மருந்து மாறியிருந்தால் அதற்கும் முன்பே புதிதாக எடுங்கள். கிராஃப்ட் இணைக்கும் இடத்தில் வெட்டும் சுவர்த் துண்டைக் கழிவுக் கிண்ணத்தில் போடாமல் நோய்க்குறியியலுக்கு அனுப்புங்கள். அறுவைக்குப் பின் ஸ்டீராய்டை எவ்வளவு வேகமாகக் குறைப்பது என்பதை அந்தத் துண்டு சொல்லும்.

வீட்டுக்கு அனுப்பும் முன், அல்லது ஒரு மாதத்துக்குள், ஒரு அடிப்படைப் படம் எடுத்துவிடுங்கள். பிறகு வரும் ஒவ்வொரு படத்தையும் அதோடுதான் ஒப்பிட வேண்டியிருக்கும். ஒவ்வொரு இணைப்பின் விட்டத்தையும் அதில் அளந்து எழுதி வையுங்கள், பத்து வருடம் கழித்து 11 மி.மீ. என்று வரும் எண் வீக்கமா, அன்றே அப்படித்தான் இருந்ததா என்று வேறு வழியில் தெரியாது. கரோட்டிட் கிராஃப்டுக்கு 3, 6, 12 மாதங்களில் டாப்ளர், அதன் பின் ஆண்டுக்கு ஒன்று. மார்பு, வயிற்று இணைப்புகளுக்கு ஆண்டுதோறும் எம்ஆர் ஆஞ்சியோ, சந்தேகம் வந்தால் மட்டும் சிடி. இணைப்பில் அனியூரிசம் 20 வருடம் கழித்தும் வந்திருக்கிறது, ஆகவே 'எல்லாம் நன்றாக இருக்கிறது, இனி வர வேண்டாம்' என்று யாரையும் அனுப்பாதீர்கள்.

பெட் படத்தில் கிராஃப்டைச் சுற்றி ஒளிர்வு தெரிந்தால் பதற வேண்டாம். செயற்கைக் கிராஃப்டைச் சுற்றித் திசு பல வருடம் வரை எஃப்டிஜியை உறிஞ்சும். நீளம் முழுக்கச் சீராக, மிதமாக ஒளிர்வது பெரும்பாலும் அந்த எதிர்வினைதான். ஓரிடத்தில் குவிந்து, பக்கத்தில் திரவமோ காற்றோ இருந்து, காய்ச்சலும் சேர்ந்தால் தொற்று என்று தேடுங்கள். நோய் திரும்பியதா என்று பார்க்க கிராஃப்டைப் பார்க்காதீர்கள், அறுவை தொடாத தமனிகளின் சுவரைப் பாருங்கள்.